அடுப்பைத் தெரிவு செய்வது யார்?

டொரொன்டோவில் வாழும் நண்பரொருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். கடுகண்ணாவையில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் அவருடைய தாயார் தனியாக வசிக்கிறார். எழுபதைக் கடந்தவர். அவருக்கு ஓர் இண்டக்ஷன் அடுப்பு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது மகனின் விருப்பம். மூன்று மொடல்களின் படங்களை எனக்கு அனுப்பிவிட்டு, "இதில எது நல்லதுன்னு ஒரே வரியில சொல்லுங்க அண்ணே. காசு பிரச்சினையில்லை" என்றார்.

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைக்கு எழுதி வருபவனுக்கு ஒரே வரியில் பதில் சொல்வது கடினமான காரியமல்ல. தலைப்பு எழுதுவதே எங்கள் தொழிலில் பாதி. ஆயினும் இந்த விடயத்தில் என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. காரணம், இதே தவற்றை நானே ஒரு முறை செய்து, அதன் பலனை என் வீட்டுக் குசினியில் அனுபவித்தவன். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரிலுள்ள பெற்றோருக்கு அடுப்பு வாங்கிக் கொடுக்க நினைக்கும் வேறு பலருக்கும் பயன்படக்கூடும் என்பதால் பதிலைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். எந்த மொடல் என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டியவை நான்கு உள்ளன. அடுப்படியில் நிற்பவர் யார்? அவரிடம் இருக்கும் பாத்திரங்கள் எவை? அவருடைய மின்பட்டியல் எந்தப் படியில் நிற்கிறது? மின்சாரம் இல்லாத நாளில் அவர் எதில் சமைப்பார்? இந்த நான்குக்கும் விடை கிடைத்துவிட்டால் மொடலைத் தெரிவு செய்வது பெரிய வேலையல்ல. இவற்றைக் கேளாமல் வாங்கினால் எவ்வளவு விலை உயர்ந்த அடுப்பும் ஆறு மாதத்தில் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும்.

வரிசையில் நின்ற காலம்

இலங்கையில் இண்டக்ஷன் அடுப்பைப் பற்றிய பேச்சு வசதியின் பெயரால் பரவவில்லை. பயத்தின் பெயரால் பரவியது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் நாளாந்தம் வந்துகொண்டிருந்தன. சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை விகிதம் மாறியதே பிரதான காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு பின்னர் கண்டறிந்தது. அதற்குப் பிறகு எரிவாயுவே கிடைக்காத காலம் வந்தது. வெற்றுச் சிலிண்டர்களை வீதியோரத்தில் வரிசையாக வைத்து, சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டு மக்கள் வீடு திரும்பிய காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது.

விலையும் அவ்வாறே ஏறியது. 12.5 கிலோகிராம் சிலிண்டர் ஒன்று 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபா. அந்த மாதத்தில் 2,675 ரூபா. 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபா. ஏழே மாதங்களில் மூன்று மடங்குக்கும் அதிகம். அதுவும் கிடைத்தால்தான்.

அந்த நாட்களில்தான் நான் கண்டிக் கடைத்தெருவுக்குப் போய் ஓர் இண்டக்ஷன் அடுப்பை வாங்கி வந்தேன். 2,200 வாற்று. கறுப்புக் கண்ணாடி மேற்பரப்பு. விரல் பட்டால் ஒளிரும் தொடுபலகை. எட்டு வகைச் சமையலுக்கு எட்டுப் பொத்தான்கள். கடையிலிருந்த இளைஞர் அதன் மேல் ஒரு பாத்திரத்தை வைத்து நீரைக் கொதிக்கவைத்துக் காட்டினார். இரண்டு, மூன்று நிமிடத்தில் கொதித்தது. நான் மயங்கிப்போனேன். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தபோது என் துணைவியார் தமது பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தார். சோறு வடிக்கும் அலுமினியச் சட்டி வேலை செய்யவில்லை. மீன்குழம்பு வைக்கும் மண்சட்டி வேலை செய்யவில்லை. குழிந்த அடியுள்ள தாச்சி கண்ணாடியின் மேல் ஆடியது. ஒரேயொரு பிரஷர் குக்கர் மட்டும் வேலை செய்தது. அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "தலைப்பை மட்டும் பார்த்து வாங்கிட்டு வந்திருக்கீங்க. உள்ளே இருக்கிற செய்தியைப் படிக்கலையா?"

அவ்வளவும் போதாதென்று, 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அமுலுக்கு வந்தது. எரிவாயுவுக்கு மாற்றாக வாங்கிய அடுப்பு, எரிவாயு இல்லாத அதே நாட்களில் மின்சாரமும் இல்லாமல் கிடந்தது. கடைசியில் எங்கள் வீட்டிற்குச் சோறு போட்டது பின்புறத்து விறகடுப்புத்தான்.

பாத்திரம் பேசும்

இண்டக்ஷன் அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்ற தத்துவமே இதன் அடிப்படை. கண்ணாடித் தட்டுக்குக் கீழே செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் செக்கனுக்கு இருபதாயிரம் தடவைக்கும் மேலாகத் திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் மேலேயுள்ள பாத்திரத்தின் அடிப்பகுதியில் மின்னோட்டத்தைத் தூண்டி, பாத்திரத்தையே சூடாக்குகிறது. அதாவது, இங்கே அடுப்பு சூடாவதில்லை, சட்டிதான் அடுப்பு. ஆகவேதான் சட்டியின் உலோகம் முக்கியமாகிறது.

சோதனை எளிது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துச் சட்டியின் அடியில் வையுங்கள். உறுதியாக ஒட்டிக்கொண்டால் அந்தச் சட்டி வேலை செய்யும். அலுமினியம், செம்பு, பித்தளை, மண், கண்ணாடி எவற்றிலும் ஒட்டாது. எவர்சில்வரில் ஒரு சிக்கல் உண்டு. எல்லா எவர்சில்வரும் காந்தத்தை இழுப்பதில்லை. ஒரே கடையில் வாங்கிய இரண்டு சட்டிகளில் ஒன்று ஒட்டும், மற்றது ஒட்டாது. இரும்புத் தோசைக்கல் நன்றாக வேலை செய்யும். ஆனால் கண்ணாடியின் மேல் இழுக்கக்கூடாது, கீறிவிடும்.

இதனால் வரும் செலவை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. அடுப்பின் விலைக்குச் சமமான தொகை புதிய சட்டிகளுக்குப் போய்விடுவது சாதாரணம். தொகையை விடவும் பெரிய விடயம் பழக்கம். நாற்பது ஆண்டுகளாக ஒரு மண்சட்டியில் குழம்பின் பதத்தை அறிந்த கையிடம், நாளையிலிருந்து இந்த உலோகச் சட்டியில் சமையுங்கள் என்று சொல்வது சிறிய கோரிக்கையல்ல.

மண்சட்டியையும் அலுமினியத்தையும் விட மனமில்லாதவர்களுக்கு இன்ஃப்ராரெட் அடுப்பு என்று வேறொன்று கடைகளில் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பலர் மாற்றி வாங்கிவிடுகிறார்கள். இன்ஃப்ராரெட் அடுப்பில் கண்ணாடிக்குக் கீழே மின்கம்பி சிவந்து பழுக்கிறது. அதன் வெப்பம் எந்தச் சட்டியையும் சூடாக்கும். ஆனால் கண்ணாடி வெகுநேரம் சுட்டுக்கொண்டே இருக்கும், வெப்பத்தில் ஒரு பகுதி வீணாகும், மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். சிறு பிள்ளைகளும் முதியோரும் உள்ள வீட்டில் இந்த வேறுபாட்டைக் கவனித்தே வாங்க வேண்டும்.

மொடல்களை எப்படிப் பார்ப்பது

இனி மொடலுக்கு வருவோம். கடையில் விற்பவர் முதலில் வாற்றைச் சொல்வார். 2,000, 2,200 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். உண்மையில் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் அரை நிமிடம்கூட இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது மேலெல்லையை அல்ல, கீழெல்லையை.

நம்முடைய சமையலில் தேங்காய்ப்பால் இன்றி ஒரு நாளும் கழிவதில்லை. சொதிக்கும் பால்கறிக்கும் மெல்லிய, இடைவிடாத சூடு தேவை. விலை குறைந்த பல இண்டக்ஷன் அடுப்புகளால் குறைந்த சூட்டைத் தொடர்ச்சியாகக் கொடுக்க முடியாது. 300 வாற்று என்று திரையில் காட்டும். உள்ளே நடப்பதோ வேறு. சில செக்கன்கள் 1,000 வாற்று அளவில் கொதிக்கவைத்துவிட்டு, சில செக்கன்கள் முற்றாக நின்றுவிடும். சராசரி 300 என்பது கணக்குக்குச் சரி. தேங்காய்ப்பாலுக்கு அந்தக் கணக்கு தெரியாது, அது திரைந்துவிடும். எங்கள் வீட்டில் முதல் கிழமையிலேயே இரண்டு முறை இப்படி நடந்தது.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் சொந்தச் சட்டி ஒன்றைக் கொண்டுபோங்கள். நீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, பிறகு ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். நீர் ஒரே சீராகச் சலசலக்கிறதா, அல்லது பொங்கிப் பொங்கி அடங்குகிறதா என்று இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது, சுருளின் அகலம். சட்டியில் ஒரு விரல்கடை அளவுக்கு மட்டும் நீர் விட்டுச் சூடாக்குங்கள். முதற்குமிழிகள் ஒரு வளையமாக எழும். அந்த வளையமே கீழேயுள்ள சுருள். அது சிறிதாக இருந்தால் தோசையும் ரொட்டியும் நடுவில் கருகி ஓரத்தில் வேகாமல் இருக்கும். வெளியே கண்ணாடி எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயனில்லை.

மூன்றாவது, பொத்தான்கள். தொடுபலகை அழகானது. ஆனால் மாவும் தண்ணீரும் பட்ட விரலுக்கு அது கீழ்ப்படியாது. பொங்கி வழிந்த கஞ்சி பட்டாலும் குழம்பிவிடும். அழுத்தும் பொத்தானோ, திருகும் குமிழோ உள்ள அடுப்பே முதியோருக்கு ஏற்றது. கண் மங்கியவர்களும் விரலால் தடவி அறிந்துகொள்ளலாம். எட்டு வகைச் சமையலுக்கான எட்டுப் பொத்தான்களைப் பொருட்படுத்தவே வேண்டாம். அவை குறிப்பிட்ட வாற்றும் குறிப்பிட்ட நேரமும் முன்கூட்டியே அமைக்கப்பட்டவை, அவ்வளவே. சீனச் சந்தைக்குச் செய்ததில் சூப் இருக்கும். இந்தியச் சந்தைக்குச் செய்ததில் தோசையும் இட்லியும் இருக்கும். பிட்டுக்குப் பொத்தான் வைத்த அடுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான்காவது, திருத்துவதற்கு ஆள். இந்த அடுப்புகளில் பெரும்பாலும் பழுதாவது உள்ளே இருக்கும் மின்னணுப் பலகையும் விசிறியும். கண்டியிலோ மாவனல்லையிலோ உதிரிப்பாகம் கிடைக்குமா, உத்தரவாதக் காலத்தில் அடுப்பை எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதை வாங்குமுன் கேளுங்கள். வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சமையல் முடிந்தவுடன் சுவரிலுள்ள ஆளியை அணைத்துவிடாமல், விசிறி தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். அடியில் காற்று புகும் துளைகளைச் சுத்தமாக வைத்திருங்கள். நம் வீடுகளில் கரப்பான் பூச்சிக்கு மிகவும் பிடித்த வெதுவெதுப்பான இடம் அதுதான்.

இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் இயங்கும் அடுப்பிலிருந்து இரண்டடியாவது விலகி நிற்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. வாங்குமுன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடல்கடந்து வரும் அடுப்புகள்

வெளிநாட்டிலிருந்து பயணப்பொதியில் கொண்டுவருவோருக்கு ஒரு முக்கிய குறிப்பு. கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, இலங்கையில் 230. அங்கு வாங்கிய அடுப்பை இங்கு செருகினால் அன்றே அதன் ஆயுள் முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் இது நடந்தது. அன்போடு வந்த பரிசு ஒரு சத்தத்தோடும் கருகல் மணத்தோடும் முடிந்தது. கொண்டுவந்த பிள்ளையை விட, செருகிய தாய்தான் அதிகம் வருந்தினார், தன் பிழை என்று நினைத்து.

பிரித்தானியாவிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வருபவற்றுக்கு அந்தக் கவலை இல்லை. மின்னழுத்தமும் பொருந்தும், சதுர முனைச் செருகியும் பொருந்தும். ஜேர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் மின்னழுத்தம் ஒன்றே, செருகி வேறு. சென்னையிலிருந்து வருபவற்றுக்கும் அப்படியே. அங்கு வட்ட முனை. ஆனால் மாற்றுச் செருகி ஒன்றைப் போட்டு 2,000 வாற்று அடுப்பை நாள்தோறும் இயக்குவது ஆபத்து. தகுதியுள்ள மின்தொழிலாளர் ஒருவரைக் கொண்டு செருகியையே மாற்றிவிடுங்கள்.

வீட்டின் மின்னிணைப்பையும் பார்க்க வேண்டும். 2,000 வாற்று அடுப்பு 230 வோல்ற்றில் ஏறத்தாழ 8.7 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். நமது பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் வட்டத் துளைகளுக்கு அது தாங்காத சுமை. நீட்சி வயரில் குளிர்சாதனப் பெட்டியோடும் கேத்தலோடும் சேர்த்துச் செருகுவது அதைவிட மோசம். இரட்டைத் தட்டு மொடல்கள் 3,500 வாற்று வரை போகும். அது 15 அம்பியருக்கு மேல். அதற்கு 13 அம்பியர் செருகி போதாது. தனி இணைப்பு வேண்டும்.

பட்டியலின் படிகள்

"எரிவாயுவை விட மின்சாரம் மலிவுதானே?" என்று கேட்பவர்களுக்கு ஓர் எளிய கணக்கைத் தருகிறேன். 12.5 கிலோ சிலிண்டரில் அடங்கியுள்ள சக்தி ஏறத்தாழ 160 அலகு மின்சாரத்துக்குச் சமம். எரிவாயு அடுப்பில் அதில் பாதிக்கும் குறைவே சட்டிக்குள் போகிறது. மீதி பக்கவாட்டில் வீணாகிறது. இண்டக்ஷனில் நூற்றுக்கு எண்பத்தைந்து வரை சட்டிக்குப் போகும். ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்ஷன் அடுப்பு சுமார் 85 அலகில் செய்துவிடும்.

கடைசியாக வாங்கிய சிலிண்டரின் விலையை 85ஆல் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் தொகையை விட உங்கள் மின்சாரம் அலகொன்றுக்குக் குறைவாக இருந்தால் இண்டக்ஷன் இலாபம், கூடினால் நட்டம். 1,493 ரூபா காலத்தில் அந்த எல்லை 17 ரூபா 50 சதம் அளவில் இருந்தது. 4,860 ரூபாவாக ஏறியபோது 57 ரூபாவாக இருந்தது. எல்லை இவ்வாறு நகர்ந்துகொண்டே இருக்கும்.

மின்கட்டணமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீத உயர்வு. 2023 பெப்ரவரியில் 66 வீத உயர்வு. 2025 ஜனவரியில் 20 வீதக் குறைப்பு. அதே ஆண்டு ஜூனில் 15 வீத உயர்வு. இந்த ஊஞ்சலில் இருந்துகொண்டு பத்தாண்டுக்கான முடிவை யாரும் எடுக்க முடியாது.

இங்கே சராசரிக் கட்டணத்தைப் பார்க்கக்கூடாது என்பதே முக்கியம். நமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60, 90, 120, 180 அலகு என்று படிகள் உண்டு. கீழ்ப்படிக்கும் மேற்படிக்கும் இடையே 2025இன் கட்டணங்களில் நான்கு மடங்குக்கும் அதிக வேறுபாடு இருந்தது. புதிய அடுப்பு செலவழிக்கும் அலகுகள் உங்கள் பட்டியலின் அடியில் போய்ச் சேர்வதில்லை. உச்சியில் ஏறி உட்காருகின்றன. ஆகவே, நீங்கள் இப்போது நிற்கும் படியின் கட்டணத்தையும் அதற்கு அடுத்த படியின் கட்டணத்தையும் வைத்தே மேற்சொன்ன கணக்கைப் பார்க்க வேண்டும்.

60 அலகு என்ற எல்லை இன்னும் கொடியது. மாதம் 60 அலகுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு சலுகைக் கட்டணம். அதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கட்டணம். ஓர் அலகு கூடியதற்காகப் பட்டியல் தொகை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். இந்த எல்லைக்குள் இருப்பவர்கள் யார்? தனியாக வாழும் முதியோர், தோட்டப்புற வீட்டார், சிறு குடும்பங்கள். புகையற்ற, பாதுகாப்பான அடுப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத்தான் இந்தப் படி தண்டிக்கிறது. கட்டணத்தைத் தீர்மானிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இதைக் கவனத்திற் கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

இது நமக்கு மட்டுமே உரிய சிக்கலல்ல. 2014இல் ஈக்குவடோர் அரசாங்கம் முப்பது இலட்சம் வீடுகளுக்கு இண்டக்ஷன் அடுப்பு என்ற திட்டத்தைத் தொடங்கியது. மானிய விலை எரிவாயு மலிவாகவே கிடைத்துக்கொண்டிருந்ததால் மக்கள் மாறவில்லை. இலக்குக்கு வெகுதூரத்தில் திட்டம் நின்றுபோயிற்று. இந்தோனேசியாவில் வறிய குடும்பங்களை இண்டக்ஷனுக்கு மாற்றும் திட்டத்தை 2022 செப்டெம்பரில் அரச மின்சார நிறுவனமே கைவிட்டது. 2015 இறுதியில் இந்திய எல்லையில் வழி அடைபட்டு எரிவாயு வராதபோது, நேபாளத்தில் மக்கள் இண்டக்ஷன் அடுப்புகளை வாங்கிக் குவித்தார்கள். மின்வெட்டு அவர்களையும் விடவில்லை. நமது 2022ஐ அவர்கள் நமக்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

குரங்கும் மலையும்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி கடந்து சிறிது நேரத்தில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் அறிவித்தார். உலகம் சிரித்தது. ஞாயிறு மதியச் சமையலுக்குச் சட்டியை ஏற்றியிருந்தவர்கள் சிரிக்கவில்லை.

அந்த ஆண்டின் நவம்பரில் நடந்தது சிரிப்புக்குரியதே அல்ல. 22ஆம் திகதி பஹல கடுகண்ணாவையில் மண்மேடு சரிந்து கொழும்பு–கண்டி வீதியில் உயிர்கள் பலியாயின. அடுத்த சில நாட்களில் டித்வா சூறாவளி மலைநாட்டையே நிலைகுலையச் செய்தது. வீதி மூடப்பட்டது, ரயில் பாதையும் சிதைந்தது. எங்கள் வீட்டில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இந்தக் கணவாயில் வீதி அமைத்த பொறியியலாளர் டோசனுக்கு இங்கே ஒரு நினைவுக் கோபுரம் நிற்கிறது. இருநூறு ஆண்டுகளாக இம்மலைக்கு மேலே வரும் எல்லாமே அநேகமாக அந்த வழியாகத்தான் வருகின்றன, எரிவாயு லொறி உட்பட. அந்த வழி அடைபட்டபோது எரிவாயுவும் மின்சாரமும் சேர்ந்தே கையை விரித்தன. சிரட்டையும் தென்னை மட்டையும் உலர்ந்த சீமைக்கிளுவை விறகும் இருந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது. அந்த வீடுகளுக்கு அயலார் கேத்தலோடு வந்தார்கள்.

விறகடுப்பை நான் புகழ்பாட வரவில்லை. வீட்டுக்குள் எரிபொருள் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன. அந்தப் புகையில் கண் சிவந்து இருமிய தாய்மாரின் பிள்ளைகள்தாம் நாம். இண்டக்ஷன் அடுப்பில் புகை இல்லை. சேலைத் தலைப்பைப் பற்றும் சுவாலை இல்லை. சட்டியை எடுத்தால் தானே நின்றுவிடும். கை நடுங்கும் வயதில் இது பெரிய கொடை. எனவே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதை ஒரே அடுப்பாக ஆக்கிவிடாதீர்கள் என்றே சொல்கிறேன். மலையில் வாழ்பவனுக்கு இரண்டாவது நெருப்பு ஒன்று எப்போதும் வேண்டும்.

அம்மாவின் பதில்

நண்பருக்குப் பதில் சொல்வதற்கு முன் அவருடைய தாயாரைப் போய்ப் பார்த்தேன். பழைய மின்பட்டியல்களை எடுத்துத் தந்தார். மாதம் 48 அலகு. ஒரு சிலிண்டர் அவருக்கு மூன்று மாதம் வருகிறது. முழுச் சமையலையும் இண்டக்ஷனுக்கு மாற்றினால் மாதம் 28 அலகளவு கூடும், 60ஐத் தாண்டிவிடும். நாளொன்றுக்கு ஒரு வேளைச் சோறும் இரண்டு லீற்றர் வெந்நீரும் மட்டும் என்றால் 12 அலகுக்குள் அடங்கும். எல்லையை ஒட்டியே நிற்கும்.

"உங்களுக்கு எப்படியான அடுப்பு வேணும்மா?" என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்தார். இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

"குனியாம நிக்கிற உயரத்துல இருந்தாப் போதும் தம்பி. விடியக்காலையில தேத்தண்ணி வைக்க. நெருப்புக்குச்சி தட்டக் கைதான் இப்ப சரிவரல்ல. மத்ததுக்கு இந்த காஸ் அடுப்பு இருக்கட்டும். மழை நாளைக்குப் பின்னால விறகு இருக்குது" என்றார்.

மகன் அனுப்பிய மூன்று படங்களில் இரண்டு தொடுபலகை மொடல்கள். ஒன்று இரட்டைத் தட்டு. மூன்றுமே அவருக்குப் பொருந்தாதவை. நான் டொரொன்டோவுக்கு எழுதிய பதில் இது: தம்பி, அங்கிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம். அழுத்தும் பொத்தான் உள்ள, ஒற்றைத் தட்டு அடுப்பு ஒன்றைக் கண்டியில் வாங்கலாம். 1,200, 1,600 வாற்று போதும். காந்தம் ஒட்டும் சிறிய சட்டிகள் இரண்டு வாங்க வேண்டும். குசினியில் 13 அம்பியர் துளை ஒன்று, அவர் நிற்கும் உயரத்துக்கு ஒரு மேசை. இவற்றில் மேசைதான் முதலில். எரிவாயு அடுப்பை எடுக்காதே. விறகடுப்பை இடிக்காதே.

நம் வீடுகளில் அடுப்புக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர். அதன் முன் நிற்பவர் வேறொருவர். பெரும்பாலும் பணம் கொடுப்பவரே தெரிவும் செய்கிறார். நானும் அப்படித்தான் செய்தேன். என் துணைவியார் அந்த 2,200 வாற்று அடுப்பை இரண்டு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பிறகு ஒரு நாள் தாமே கடைக்குப் போனார். தேங்காய்ப்பால் வைக்கும் சட்டியைப் பையில் போட்டு எடுத்துச் சென்றார். கடைக்காரரை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்து, நான்கு அடுப்புகளில் நீரைக் கொதிக்கவைத்துப் பார்த்து, அவற்றுள் மலிவானதற்கு அடுத்ததை வாங்கி வந்தார். அதுதான் இன்றும் எங்கள் வீட்டில் வேலை செய்கிறது. மேலே நான் எழுதிய சோதனைகளில் பெரும்பகுதி அன்று அவர் செய்தவை. நான் அவற்றைக் கேட்டு எழுதியவன் மட்டுமே.